சேது: கட்டும் சொல்

ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனால் பலகைகளில் எழுத்தும் சொல்லும் மாறுகின்றன. இந்தப் பக்கம் 'மேம்பாலம்' என்பதை அந்தப் பக்கம் 'மேல்சேதுவே' என்கிறார்கள். கன்னடத்தில் 'சேதுவே' எந்தப் பாலத்துக்கும் பொதுவான பெயர். தமிழில் சேது என்றதும் இராமேசுவரம்தான் நினைவுக்கு வரும். அங்கே பொதுப்பெயராக வாழும் சொல் இங்கே ஒற்றை இடத்தின் பெயராக நின்றது எப்படி?

இது வடசொல். 'ஸி' என்ற வேருக்குக் கட்டுதல் என்று பொருள். இருக்கு வேதத்தில் சேது என்பது கட்டு, தளை. பிறகு நீரைக் கட்டும் கரைக்கு அந்தப் பெயர் வந்தது. அர்த்தசாஸ்திரம் பாசனத்துக்காக எழுப்பும் அணைகளையும் கரைகளையும் சேது என்றே குறிக்கிறது. அந்தக் கணக்கில், தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் எழுந்த கிருஷ்ணகிரி அணையும் ஒரு சேதுதான். ஆற்றில் கரை போட்டால் அதன்மேல் நடந்து அக்கரை சேரலாம். அப்படித்தான் கரையைக் குறித்த சொல் பாலத்தையும் குறிக்கலாயிற்று. தமிழின் 'அணை'யும் இதே வழியில் நடந்த சொல். இராமன் கடலில் கட்டியதாகச் சொல்லப்படும் சேதுவைத் 'திருவணை' என்று நம் முன்னோர் அழைத்தார்கள்.

கடப்பதற்குப் 'பாலம்', நீரைத் தேக்குவதற்கு 'அணை' எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் நிலைத்துவிட்டதால், அன்றாடப் பேச்சில் சேதுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் பெயராக அது ஆழ வேரூன்றியது. கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தில் சேது பந்தனப் படலம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காளை உருவத்தோடு 'சேது' என்று தமிழில் பொறித்துக் காசு வெளியிட்டார்கள். இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுவின் காவலராகச் சேதுபதி என்று பட்டம் சூடி, யாத்திரை வழியெங்கும் சத்திரம் கட்டினார்கள். காசிக்குப் போகிறவர்கள் சேதுவின் மணலை எடுத்துப் போய்க் கங்கையில் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்கும் சேது என்று பெயர் வைத்தார்கள். 'ஊரும் பேரும்' எழுதி ஊர்ப்பெயர் ஆய்வுக்குத் தமிழில் வழிகாட்டிய ரா.பி. சேதுப்பிள்ளையின் பெயரிலேயே அது இருக்கிறது.

பெயர் மட்டும் இருந்த இடத்துக்குச் சாலை மெல்லத்தான் வந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. சாலைப் பாலம் 1988இல் வந்தது, நீளம் 2.3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். இன்று மண்டபத்தில் சைக்கிள் ஏறினால் பாம்பன் பாலத்தில் கடலைக் கடந்து, தீவின் நீளம் முழுக்க ஓட்டி, நிலம் முடியும் முனை வரை போகலாம்.

தனுஷ்கோடியைத் தாண்டியதும் சாலை மணல் நாக்கின்மேல் நேராக ஓடுகிறது. இருபுறமும் கல் அடுக்கியிருக்கிறார்கள். இடப்பக்கம் அலை குறைந்த பாக் நீரிணை. ஊரார் அதைப் பெண் கடல் என்பார்கள். வலப்பக்கம் இரையும் மன்னார் வளைகுடா, ஆண் கடல். பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தூண்மேல் நிற்கும் பாம்பன் பாலத்தைவிட இந்தச் சாலைக்குத்தான் சேது என்ற பெயர் அச்சாகப் பொருந்துகிறது. கடலுக்கு நடுவே கல்லும் மண்ணும் கொட்டிக் கட்டிய கரை இது. இதற்கப்பால் மணல் திட்டுகள் தலைமன்னார் வரை விட்டுவிட்டுத் தொடர்கின்றன.

ஜப்பானில் 1999இல் திறக்கப்பட்ட ஷிமானாமி கைடோ ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்து, ஒனோமிச்சியையும் இமாபாரியையும் இணைக்கிறது. சுமார் 70 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. 'கைடோ' என்றால் கடல்வழி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் உலகெங்குமிருந்து சைக்கிள்காரர்கள் அங்கே போகிறார்கள். நம் சாலைக்கோ தேசிய நெடுஞ்சாலை 87 என்ற எண்தான் அடையாளம். மண்டபம் முதல் அரிச்சல்முனை வரை 'சேதுச் சாலை' என்று பலகை நடவேண்டும். காசும் பட்டமும் தாங்கிய சொல், கன்னடத்தார்க்கும் வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்க்கும் விளக்காமலே புரியும் சொல், நமக்கென்று ஆயத்தமாக இருக்கிறது. அதைச் சாலைக்குச் சூட்டினால், கட்டு என்ற அதன் முதற்பொருளும் பேச்சுக்குத் திரும்பும்.