ரம்மி வழக்கில் எல்லோரும் மறந்த ஒரு வரி

செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் சீட்டாடியவர்கள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைச் சேர்ப்பது, எதைக் கீழே போடுவது என்று கணக்குப் போட வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று 1967-ல் தீர்ப்பு வந்தது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் தூக்கிப் பிடித்தது இதைத்தான்.

ஆனால் ஆட்டம் நடத்துபவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது! பந்தயப் பணத்தில் கமிஷன் எடுப்பதுதானே இந்தக் கம்பெனிகளின் பிழைப்பே?

தமிழக அரசோ திறமையா, அதிர்ஷ்டமா என்பதிலேயே மாட்டிக்கொண்டது. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021-ல் சட்டம். அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பின் 2023 ஏப்ரலில் புதுச் சட்டம். நவம்பரில் ரம்மியும் போக்கரும் தப்பித்தன.

உருப்படியானவை 2025 பிப்ரவரி விதிகள்தான். ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது. ஜூனில் உயர் நீதிமன்றமும் ஏற்றது. அதற்குள் ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. வெளிநாட்டிலிருந்து நடத்துபவர்களை என்ன செய்வது? 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகும் மூன்று நம்பர் லாட்டரி விற்பவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டேதான் இருந்தது.