ரிட்டயர்மெண்டும் உத்திரமேரூர் கல்வெட்டும்

ரிட்டயர்மெண்ட் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் பேச்சு பென்ஷன், பி.எஃப்., வட்டின்னு பணத்துலயே போய் நிக்குது. பணம் வேணும், வேணாம்னு சொல்லல. ஆனா எங்க ஊருக்கு நல்ல பென்ஷனோட வந்து சேர்ந்த ரெண்டு மூணு பேரைப் பார்க்கிறேன். காலையில பேப்பர், ராத்திரி டிவி. நடுவுல இருக்கிற பொழுதை என்ன பண்றதுன்னு தெரியாம ரோட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. காசுக்குக் குறைவில்ல. அவங்ககிட்ட யாரும் எதையும் கேக்கறதில்ல, அதுதான் குறை.

இதை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு வச்ச ஊர் ஒண்ணு இருக்கு. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துல உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு 919ல வெட்டினது, இன்னொண்ணு 921ல வெட்டினது. குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்துல நாம படிச்சது இதைத்தான். எல்லாரும் அதுல தேர்தலைப் பார்க்கிறாங்க. நான் பார்த்தது வயசுக் கணக்கை.

முதல் கல்வெட்டுல, வாரியத்துக்கு வர்றவருக்கு வயசு 30க்கு மேல, 60க்குள்ள இருக்கணும்னு இருக்கு. ரெண்டே வருஷத்துல அதைத் திருத்தி 35க்கு மேல, 70க்குள்ளன்னு ஆக்கிட்டாங்க. இளவட்டங்களை இன்னும் அஞ்சு வருஷம் பொறுங்கன்னு சொல்லிட்டு, பெருசுங்களுக்குப் பத்து வருஷம் கூட்டிக் கொடுத்திருக்காங்க!

ஊர்ல 30 குடும்பு, அதுக்கு 30 பேர். அதுல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் வேலை, அதுக்கப்புறம் வேற ஆள். மேலே இருக்கிற சம்வத்சர வாரியத்துக்கு யாரை எடுக்கணும்? ஏற்கனவே தோட்டமும் ஏரியும் பார்த்தவங்களை, படிப்புல பெரியவங்களை, வயசுல பெரியவங்களை எடுக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க. மதகையும் மடையையும் பார்த்துப் பழகினவர் வேலையை விட்டா, தெரிஞ்சதும் அவரோட போயிடக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓலை போட்ட குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்ட வேண்டியது அங்கே இருக்கிற நம்பிமார்ல வயசுல மூத்தவர். அதுலேருந்து ஓலை எடுக்கிறது ஒண்ணும் அறியாத சின்னப் பையன். நடு வயசுக்காரங்க சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கணும்.

இதை ராமராஜ்யம்னு சொல்ல நான் வரல. அது பிராமணர் ஊர். கால் வேலி இறை நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு எல்லாம் இருந்தாத்தான் ஓலையில பேரு. பொம்பளைங்க பேரு கிடையாது. என் முப்பாட்டன் பேரும் அந்தக் குடத்துல இருந்திருக்காது. ஆனா வயசானவரை எங்கே உட்கார வைக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

வயசு ஆச்சு, வீட்டுக்குப் போன்னு காசு கொடுத்து அனுப்புற ஏற்பாடு ரொம்பப் புதுசு. ஜெர்மனியில பிஸ்மார்க் 1889ல முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டு வந்தப்ப வயசு 70. அப்புறம் 1916ல 65 ஆச்சு. இங்கே மத்திய அரசு ஊழியருக்கு 1962ல 58, 1998ல 60. நம்ம மாநிலத்துல 2020ல 59, அடுத்த வருஷமே 60. விவசாயிக்கு மட்டும் எந்த வருஷமும் ஆர்டர் வரல.

வராததும் ஒரு வகையில நல்லதா இருந்தது. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஏரைப் பிள்ளைங்க கையில கொடுத்துட்ட பெரியவங்க மடைகிட்ட உட்கார்ந்திருப்பாங்க. "பெரியப்பா, இன்னிக்கு எந்தப் பக்கம் தண்ணி?"ன்னு எல்லாரும் அவங்களைத்தான் கேப்பாங்க. கலங்கல் எப்போ போகும், எந்தக் கழனிக்கு முதல் முறை, சண்டை வந்தா யார் சொல்லு நிக்கும், எல்லாம் அங்கேதான். எங்க பாட்டிக்கு அந்த ஓய்வுகூடக் கிடையாது. மருமக வந்ததும் அடுப்பு கை மாறுச்சு, விதை கட்டுறதும் மாட்டைப் பார்க்கிறதும் கடைசி வரைக்கும் அவங்ககிட்டயே இருந்தது.

அப்புறம் போர் வந்தது, மோட்டார் வந்தது. ஸ்விட்சைப் போட யாரைக் கேக்கணும்? 40 ஹெக்டேருக்கு மேல பாசனம் இருந்த ஏரி அப்போ பொதுப்பணித்துறை கையில இருந்தது, சின்ன ஏரி ஒன்றியத்துகிட்ட. மடையில உட்கார்ந்திருந்தவங்க டீக்கடை பெஞ்சுக்கு வந்துட்டாங்க. வருமானம் ஒண்ணும் குறையல, ஆனா முகம் வாடிப்போச்சு.

2017ல அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் எங்க பக்கத்து ஏரியிலயும் வேலை நடந்தது. வரத்துக் கால்வாய் முள்ளு மண்டி, எங்கே போகுதுன்னே தெரியல. வரைபடத்துல ஒரு கோடு இருந்தது, நேர்ல ஒண்ணும் இல்ல. எண்பது வயசைத் தாண்டின ஒரு தாத்தா கம்பை ஊனிக்கிட்டே வந்து, "இங்க வெட்டு, கருங்கல்லு வரும்"னார். வந்தது. மறுநாள் காலையில ஜே.சி.பி. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அவர் வீட்டு வாசல்ல போய் நின்னான். தாத்தா அதுக்கு முன்னாடியே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தயாரா இருந்தார்.