நவாப் கழுத்து முத்தும் மதுரைச் சீமை நெல்லும்

மதுரைச் சீமையை ஆண்ட தளபதி கான்சாகிபு தூக்கில் ஏறுவது இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். நாள் 1764 அக்டோபர் 15. ஆனால் நடுவில் ஒரு படம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

படத்தில் நிற்பவர், கான்சாகிபுவின் கழுத்துக்குக் கயிறு கேட்ட ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. வரைந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் வில்லிசன். லண்டனில் ஒரு பெண்ணைத் துருக்கி உடையில் உட்காரவைத்து வரைந்தவர், 1774-ல் மதராஸில் வந்து இறங்கினார். மாமா ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டராக இருந்தவர். கப்பலேற அது போதாதா?

மூச்சு விட்டால் பறந்துவிடும் போன்ற வெள்ளை மஸ்லின் அங்கி, சரம் சரமாக முத்து, தலைப்பாகையில் நகை, கையில் வாள். பார்த்தால் சக்கரவர்த்திதான். ஆள் என்னவோ கழுத்துவரை கடனில்!

நவாபுக்காகக் கம்பெனி சண்டை போட்டால் செலவு அவர் கணக்கில் ஏறும். கான்சாகிபுவைப் பிடிக்க நடந்த மதுரை முற்றுகையும் அப்படித்தான். அதைக் கட்ட, கம்பெனி ஊழியர்களிடமே தனிக்கடன். வட்டி ஆண்டுக்கு 20, 25 சதவீதத்தையும் தாண்டியது. அடமானமாகப் போனது வரி வசூல். கான்சாகிபு போனபின் மதுரைச் சீமையின் வரி நவாபுக்கு. அவர் கைக்கு வந்தது வட்டிக்காரன் கைக்கு. சமயநல்லூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புதான்: வைகைத் தண்ணீரில் விளைந்த நெல்லில் எத்தனை மூட்டை அந்த முத்துக்குள் இருக்கிறது?

நவாபைவிட எனக்கு ஆத்திரம் பால் பென்ஃபீல்டு மேல். 1764-ல் கம்பெனி இன்ஜினியராக வந்த பொடியன். நவாபுக்கே கடன் கொடுத்து, ஊருக்குத் திரும்பிப் பார்லிமென்ட் உறுப்பினரும் ஆனான். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவன் பணம் உருவாக்கியது என்று 1785-ல் எட்மண்ட் பர்க் சபையிலேயே போட்டு உடைத்தார். கடன் நிஜமா என்று விசாரிக்க வேண்டும் என்றார். யார் கேட்டார்கள்? நவாபின் கர்நாடகச் சீமை வரியிலிருந்தே அடைக்க ஏற்பாடாயிற்று. பென்ஃபீல்டு 1810-ல் பாரிஸில் ஓட்டாண்டியாகச் செத்தான். எனக்கு அதில் அற்ப சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பக்கம் தீர்ந்துவிட்டது. கான்சாகிபு தொழுகையில் இருக்கும்போது கட்டிப்பிடிக்க, கூட இருந்தே காட்டிக்கொடுத்த சீனிவாச ராவும் மார்ஷானும் இன்னும் வரவில்லை. அவர் மதுரைக் கோட்டைக்குள்தான் இருக்கிறார். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டுமே.