பட்டமும் வாக்குச்சீட்டும்

ஒரு நாட்டிற்கு மன்னர் வேண்டுமா, குடியரசே போதுமா என்னும் வினா எழும்போதெல்லாம் நம் எண்ணம் இலண்டன் அரண்மனையை நோக்கி ஓடுகின்றது. அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அருகிலுள்ள மஞ்சக்குட்டை போன்ற சிற்றூர்களின் வரலாறே இவ்வினாவை உரைத்துப் பார்க்க நல்லதோர் உரைகல்லாகும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலை, ஐதர் அலியும் அவருக்குப்பின் திப்பு சுல்தானும் ஆண்ட மைசூர் அரசின் கீழ் இருந்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம் பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். 1858இல் கம்பெனி போய் விக்டோரியா அரசியின் ஆட்சி வந்தது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஆறாம் ஜார்ஜே சட்டப்படி நம் மன்னர். 1950 சனவரி 26ஆம் நாளன்றுதான் இந்தியா குடியரசாயிற்று. சுல்தான், கம்பெனி, அரசி, குடியரசு என மலைக்கு மேலே அதிகாரம் கைமாறிக்கொண்டே இருந்தது.

மலைக்குள்ளேயோ வேறோர் ஆட்சி அசையாமல் நின்றது. இம்மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளிகள்' எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறப்புகளின் வழியினர் தாம் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மலையை நாடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு நாட்டிற்கும் 'பட்டக்காரர்' என்னும் தலைவரைக் கொண்டிருந்தனர். அப்பதவி தந்தைக்குப்பின் மகனுக்கு உரியது. மண வழக்கும் நில வழக்கும் அவர் முன்னிலையில் தீர்ந்தன.

இந்தப் பட்டக்காரரைப் பழமையின் எச்சம் என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. மன்னராட்சியை ஆதரிப்போரின் மிக வலிய வாதம் அவரிடத்தே இருக்கின்றது. அவர் ஊராரின் மொழியைப் பேசியவர். ஊராரின் வழக்கத்தை அறிந்தவர். பதவிக்காக எவரிடமும் கையேந்தாதவர். ஆகவே எக்கட்சிக்கும் கடன்படாதவர். மேலே ஆட்சிகள் மாறியபோதும் கீழே வாழ்க்கை சிதறாமல் காத்தது இத்தகைய தொடர்ச்சியே. பிரிட்டனிலும் ஜப்பானிலும் முடியை வைத்துக்கொள்ள விரும்புவோர் சொல்வதும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

ஆயினும் பிறப்பு தகுதியைத் தருவதில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1928இல் இராஜகோபாலத் தொண்டைமான் அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஆறு. ஆறு வயதுக் குழந்தை ஆள இயலாது, அதிகாரிகளே ஆண்டனர். அக்குழந்தை மீது குற்றமில்லை; முறையின் மீதுதான் குற்றம். தகுதியான மன்னர் வாய்ப்பது நற்பேறு; தகாதவர் வாய்த்தால் மாற்றுவதற்கு வழியில்லை. 1948 மார்ச் 3ஆம் நாள் அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அங்குள்ள புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

இவ்வாறு இணைந்த மன்னர்களுக்கு அரசியல் சட்டத்தின் 291ஆம் பிரிவு மானியத்தை உறுதி செய்திருந்தது. அதை ஒழிக்க 1970இல் கொண்டுவந்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரு பங்கிற்கு ஒரு வாக்கினும் குறைவான பின்னமே குறைந்தது. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஆணையால் மன்னர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. அவ்வாணை செல்லாதென உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. பின்னர் 1971 டிசம்பரில் 26ஆம் திருத்தம் அம்மானியத்தையும் அங்கீகாரத்தையும் முடிவுக்குக் கொணர்ந்தது. கொடுத்த வாக்கை மீறலாமா என்று கேட்டோரின் கேள்வி எளிதானதன்று. நாட்டை ஒன்றாக்கிய வல்லபாய் பட்டேல் கொடுத்த வாக்கு அது. ஆனால் பிறப்பை மட்டுமே காரணமாக்கிப் பொதுப்பணம் வழங்குவதும், குடிமக்கள் அனைவரும் சமம் என்பதும் ஓரேட்டில் நெடுநாள் ஒத்திருக்க இயலா.

இதில் நம்மவர் அறிய வேண்டிய விதிவிலக்கு ஒன்றுண்டு. ஆற்காட்டின் கடைசி நவாப் குலாம் முகம்மது கவுஸ் கான் 1855இல் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி அரசு நவாப் பதவியை ஒழித்துவிட்டது. அவருடைய சிற்றப்பா அசீம் ஜாவுக்கு 1867இல் 'ஆற்காட்டு இளவரசர்' என்னும் பட்டமும் வழிவழி ஓய்வூதியமும் விக்டோரியா அரசியால் வழங்கப்பட்டன. நாடாளும் உரிமை அதில் இல்லை. 1971ஆம் ஆண்டுத் திருத்தம் சமஸ்தான மன்னர்களையே குறித்ததாதலின் இப்பட்டம் தப்பிற்று. சென்னை அமீர் மகாலில் ஒரு பட்டம் எஞ்சியிருப்பதால் குடியரசு குலைந்துவிடவில்லை. ஏன்? அங்கே மதிப்புண்டு, அதிகாரமில்லை.

மதிப்பு வேறு, அதிகாரம் வேறு என்னும் இந்த வேறுபாட்டை இசுலாமிய வரலாறு தொடக்கத்திலேயே கண்டது. இரண்டாம் கலீபா உமர் (ரலி) தம் இறுதி நாளில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க அறுவர் குழுவை அமைத்தார். மகன் அப்துல்லாஹ் ஆலோசனை கூறலாம். ஆனால் கலீபாவாகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்றார். மகன் என்பதற்குரிய மதிப்பு குறையவில்லை. பதவி மட்டும் மறுக்கப்பட்டது. பின்னர் உமையாக்களின் காலத்தில் அது தந்தை வழிச் சொத்தாயிற்று. அதன் விளைவுகளை வாசகர் அறிவர்.

முடியை அகற்றுவதொன்றே போதுமா எனில், அதுவும் அன்று. நமக்கு அண்மையிலுள்ள மாலத்தீவைப் பாருங்கள். 1953இல் குடியரசாகி, மறு ஆண்டே சுல்தானிடம் திரும்பி, 1968இல் மீண்டும் குடியரசாயிற்று. ஆயினும் 1978 முதல் 2008 வரை ஒருவரே தலைவர். பலர் போட்டியிட்ட முதல் தலைவர் தேர்தல் 2008இல்தான் நடந்தது. மலேசியாவிலோ ஒன்பது ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம்முள் ஒருவரைப் பேரரசராகத் தேர்கின்றனர். 1993இல் செய்த திருத்தத்தால் அவர்களும் தனி நீதிமன்றத்தில் வழக்கிற்கு உட்பட்டவராயினர். முடியிருந்தும் பொறுப்புக் கூடிய நாடு ஒன்று. முடியின்றியும் பொறுப்புக் குன்றிய நாடு மற்றொன்று. ஆகவே அளவுகோல் முடியன்று. கேள்வி கேட்கும் உரிமையும் மாற்றும் உரிமையுமே.

இவ்வளவுகோலோடு மஞ்சக்குட்டைக்குத் திரும்புவோம். ஏற்காடு இன்று பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழி ஊராட்சித் தலைவரை மக்களே தேர்கின்றனர். உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் வகை செய்தது. தந்தைக்குப்பின் மகன் என்னும் வழக்கில் மகளுக்கு இடமேயில்லை. அவ்விடத்தை வாக்குச்சீட்டு தந்தது. குடியரசின் மெய்யான வெற்றி இதுவே.

ஆனால் தமிழகத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தலோ 2019 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகள் தனி அலுவலர்களே ஆண்டனர். 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். பட்டக்காரரிடமிருந்து எடுத்த அதிகாரம் மக்களிடம் சேராமல், ஊரார் தேர்ந்தெடுக்காத அதிகாரியிடம் சென்று தங்குமாயின் மலைவாசிக்கு மிஞ்சியது என்ன? பட்டக்காரராவது அவன் ஊரினர். அவன் வாசலில் அவரைக் கண்டு பேசலாம்.

முடியாட்சி வேண்டா என்பதே நம் துணிபு. ஆயின் முடியை இறக்கிவைத்த அன்றே குடியரசு பிறந்துவிடுவதில்லை. உரிய காலத்தில் வாக்குப்பெட்டி மலையேறி வரும் ஒவ்வொரு முறையும் அது புதிதாய்ப் பிறக்கின்றது. வாராத ஒவ்வொரு முறையும் அது பெயரளவில் நிற்கின்றது. திருவிழாவில் பட்டக்காரருக்கு முதல் மரியாதை கிடைக்கட்டும். அதனால் எவர்க்கும் இழப்பில்லை. ஊரின் பணத்திற்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு மட்டும் ஊரார் தேர்ந்தவரிடமே இருத்தல் வேண்டும்.