மசில் கார்களின் சிற்றுருக்கள்: அமெரிக்க மாதிரி கிட்களில் துல்லியம் வளர்ந்த வரலாறு

1969ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் 208 அங்குல நீளம் உடையது. அதை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 211 மில்லிமீட்டர் வரும். இருபத்துநான்கில் ஒரு பங்கு என்றால் 220. அமெரிக்க மாதிரி கார்த் தொழில் இந்த இரண்டு அளவுகளிலும் இன்றுவரை கிட்களைச் செய்துவருகிறது. 1/25 என்பது டெட்ராய்ட் கார் ஆலைகளின் விற்பனைப் பிரிவோடு ஒட்டி வளர்ந்த அளவு. 1/24 அரை அங்குலத்தை ஓரடியாகக் கொள்ளும் கைவினைஞர் அளவு. பால்சா மரக் கப்பல் கிட்களோடு 1945இல் சிகாகோவில் தொடங்கிய மோனோகிராம் நிறுவனம் கார்களுக்கு அதையே கைக்கொண்டது. ஒரு மரபின் சக்கரத்தை மற்றதன் உடலில் பொருத்தினால் நான்கு விழுக்காடு பிசகும். தேர்ந்த கண் அதை உடனே பிடித்துவிடும்.

மாதிரி கார் செய்வோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கார் விற்பனைக்கு வந்த அதே ஆண்டில், ஆலை வரைபடங்களைப் பார்த்துச் செய்யப்பட்ட கிட்தான் அந்தக் காருக்கு மிக நெருக்கமானது என்பது அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுத்தர அளவு உடலில் பெரிய என்ஜின் பொருத்திய மசில் கார்களைப் பொறுத்தவரை இது பாதி மட்டுமே உண்மை. அந்தக் கார்களின் உயிர்நிலை எங்கே இருந்ததோ, அங்கே சமகாலக் கிட்கள் மிகவும் பலவீனமாக இருந்தன. கார்கள் சாலையை விட்டு மறைந்து பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகே துல்லியம் முழுமையை நோக்கி நகர்ந்தது. ஏன் அப்படி ஆயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஷோரூம் மேசையிலிருந்து

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார் விநியோகஸ்தர்கள் புது மாடலின் சிறிய உருவத்தைக் காட்சிக்கு வைப்பதும் வாடிக்கையாளரின் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் வழக்கமாயின. 1948இல் மிச்சிகனில் தொடங்கப்பட்ட அலுமினியம் மாடல் டாய்ஸ், ஃபோர்டு காரை அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டின் சொந்தப் பெயின்ட்டையே பூசி விநியோகஸ்தர்களுக்குத் தந்தது. விரைவில் பிளாஸ்டிக் வந்தது. நிறுவனத்தின் பெயரும் ஏ.எம்.டி. என்று சுருங்கியது. ஜான் ஹேன்லி டெட்ராய்ட்டில் நடத்திய ஜோ-ஹான் நிறுவனம் கிரைஸ்லர், காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் போன்ற கார்களின் விளம்பர மாதிரிகளைச் செய்தது. கார் வெளிவரும் முன்பே அதன் வரைபடங்களும் படங்களும் இந்தச் சிறு நிறுவனங்களுக்கு ரகசியமாக வழங்கப்பட்டன. இலையுதிர் காலத்தில் ஷோரூம் திறக்கும் நாளில் மாதிரியும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

இந்த விளம்பர மாதிரிகளை முதன்மைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950களில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அன்று சரியாக இருந்த கூரை இன்று வளைந்து நிற்கும். 1960களின் தொடக்கத்தில் ஸ்டைரீன் வந்த பிறகே அளவு நிலைத்தது. ஆகவே அதற்கு முந்தைய மாதிரிகளை அளந்து முடிவுக்கு வருவது ஆபத்தானது. நிறத்துக்கு வேண்டுமானால் அவற்றை நம்பலாம்.

விளம்பர மாதிரிக்கு இருந்த வேலை ஒன்றே: வாங்க வருபவர் பார்ப்பதைக் காட்டுவது. கிரில், குரோம் பட்டைகள், கூரையின் வளைவு, பின்விளக்கு ஆகியவற்றில் அது அபாரமான கவனம் காட்டியது. என்ஜின் இல்லை. அடிப்பாகம் ஒரு தட்டை. சைலன்சர், குழாய், அச்சுத்தண்டு எல்லாம் அந்தத் தட்டையிலேயே புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். உடலும் அடித்தட்டும் திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும்.

என்ஜினுக்குள் ஓர் ஓட்டை

1958ஆம் ஆண்டு மாடல்களோடு ஏ.எம்.டி. ‘மூன்று வகை’ கிட்களைக் கொண்டுவந்தது. விளம்பர மாதிரியின் அதே உடல், கூட ஒரு கைப்பிடி உதிரிகள். ஆலையில் வந்தபடி செய்யலாம், விருப்பப்படி உருமாற்றலாம், பந்தயக் காராகவும் ஆக்கலாம். சுமார் ஒன்றரை டாலருக்குக் கிடைத்த அந்தப் பெட்டி ஒரு தலைமுறைச் சிறுவர்களைக் கட்டிப்போட்டது. 1963இல் ஏ.எம்.டி.யிலிருந்து பிரிந்த ஜார்ஜ் டோட்டெஃப் தொடங்கிய எம்.பி.சி. இந்த முறையையே தொடர்ந்தது. இந்தக் கிட்களில் துல்லியம் மூன்று வாய்ப்புகளில் ஒன்று மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பெரும்பாலான சிறுவர்கள் மற்ற இரண்டையே தேர்ந்திருப்பார்கள் என்று நான் கருதுகிறேன்.

இந்தச் சூழலில்தான் மசில் கார் பிறந்தது. 1964இல் பான்டியாக், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் காருக்கு ஜி.டி.ஓ. என்ற விருப்பத் தொகுப்பை அறிவித்தது. சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 389 கன அங்குல வி8 என்ஜின் கிடைக்கும்: 325 குதிரைத்திறன், மூன்று கார்புரேட்டர் வைத்தால் 348. நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்திருந்த உள்விதியை மீறவே அது ‘விருப்பத் தொகுப்பு’ என்ற வேடம் பூண்டது. 1966இல் கிரைஸ்லரின் 426 கன அங்குல ஹெமி என்ஜின் 425 குதிரைத்திறனோடு சாலைக்கு வந்தது. 1970இல் ஷெவர்லே செவெல் எஸ்.எஸ். 454இன் எல்.எஸ்.6 என்ஜினுக்கு 450 என்று குறிக்கப்பட்டது.

இங்கேதான் சிக்கல். சாதாரண டெம்பெஸ்டையும் ஜி.டி.ஓ.வையும் வெளியிலிருந்து பிரித்துக் காட்டுபவை சில எழுத்துகள், பானட்டின் மேல் புடைப்பு, சக்கர மூடிகள் ஆகியவையே. உண்மையான வேறுபாடு பானட்டுக்குக் கீழே இருக்கிறது. மாதிரி கார் மரபோ பானட்டுக்கு மேலே உள்ளதைப் பார்த்துப் பழகியது. கிட்களில் என்ஜின் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் முன்சக்கரங்களைத் தாங்கும் உலோகக் கம்பி அந்த என்ஜின் பிளாக்கின் ஊடாகவே சென்றது. அதற்காக பிளாக்கில் ஓர் ஓட்டை. எந்த என்ஜினுக்காக அந்தக் கார் வாங்கப்பட்டதோ அதன் நடுவே ஒரு கம்பி. சமகாலக் கிட்டின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதிரி வேறில்லை.

திறமைக் குறைவுதான் காரணம் என்று சொல்ல முடியாது. 1963 முதல் 1966 வரை கிரைஸ்லர் தனது டர்பைன் கார்களில் ஐம்பதைப் பொதுமக்களுக்கு ஓட்டிப்பார்க்கக் கொடுத்தது. அந்தக் காருக்கு ஜோ-ஹான் செய்த கிட் என்ஜினிலும் அடிப்பாகத்திலும் காட்டிய நுணுக்கம் இன்றைக்கும் வியப்பளிக்கிறது. சோதனை முடிந்ததும் பெரும்பாலான டர்பைன் கார்கள் அழிக்கப்பட்டன; கிட் அவற்றைவிடப் பரவலாகப் பிழைத்திருக்கிறது. வேண்டும் என்று நினைத்தால் அன்றே முடிந்திருக்கும். ஆண்டுதோறும் பல மாடல்களை அவசரமாக வெளியிட வேண்டிய பொருளாதாரம்தான் கையைக் கட்டிப்போட்டது.

வெட்டப்பட்ட அச்சுகள்

அந்தப் பொருளாதாரம் இன்னொரு இழப்பையும் உண்டாக்கியது. எஃகு அச்சு மிகுந்த செலவு பிடிப்பது. எனவே கார் உருமாறும்போதெல்லாம் பழைய அச்சையே வெட்டியும் நிரப்பியும் அடுத்த ஆண்டுக்காக மாற்றினார்கள். சார்ஜரையே பாருங்கள். 1968இல் பிளவில்லாத கிரில், பின்னால் வட்ட விளக்குகள். 1969இல் நடுவே பிளந்த கிரில், நீள்சதுர விளக்குகள். 1970இல் முன்முகம் முழுவதையும் வளைத்து ஓடும் குரோம் பம்பர். ஓர் ஆண்டின் அச்சை அடுத்த ஆண்டுக்குத் திருத்தினால் முந்தையது உலகத்திலிருந்தே போய்விடும். பிற்காலத்தில் ஒரு மாடலை மறுபடி வெளியிட விரும்பியவர்களுக்கு எஞ்சியது பெரும்பாலும் கடைசித் திருத்தம் மட்டுமே.

1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. இளைஞர்களின் மசில் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1973 இறுதியில் எண்ணெய்த் தடை எஞ்சியதையும் முடித்தது. கிட் நிறுவனங்கள் வேறு பக்கம் திரும்பின. விற்காத பல உடல் அச்சுகளில் சக்கர வளைவுகளை அகலமாக வெட்டி மண்தடப் பந்தயக் கார்களாக்கினார்கள். இதை அழிவு என்றே நான் சொல்வேன். ஆயினும் அன்றைய கணக்கில் அவை பழைய கார்கள் மட்டுமே.

திரும்பி வந்தவர்கள்

1979இல் மாதிரி கார்களுக்கென்றே ஸ்கேல் ஆட்டோ என்தூசியாஸ்ட் இதழ் தொடங்கியது. 1980இல் ஒஹையோவின் டொலிடோவில் என்.என்.எல். என்ற கூடல் நடந்தது. பரிசுக்குப் போட்டியிடாமல் காட்டவும் பார்க்கவும் மட்டுமே கூடிய கூட்டம் அது. அறுபதுகளில் ஒன்றரை டாலர் பெட்டியை வாங்கிய சிறுவர்கள் இப்போது சம்பாதிக்கும் ஆண்கள். அவர்களுக்கு உருமாற்றும் உதிரிகள் தேவைப்படவில்லை. தாங்களோ அண்ணன்மாரோ ஓட்டிய, அல்லது ஓட்ட முடியாமல் போன காரையே அவர்கள் கேட்டார்கள்.

மோனோகிராம் 1980களில் 1/24 அளவில் வெளியிட்ட 1964 ஜி.டி.ஓ., 1970 செவெல், பாஸ் 429 மஸ்டாங் ஆகியவை இவர்களுக்கானவை. இவை விளம்பர மாதிரியிலிருந்து பிறக்கவில்லை. பழைய காராகவே அணுகி, தனியாக ஆராய்ந்து, புது அச்சில் செய்யப்பட்டவை. 1990களில் ரெவெல் நிறுவனமும், எர்ட்டலுக்குக் கைமாறி ஏ.எம்.டி./எர்ட்டல் எனப்பட்ட நிறுவனமும் 1/25இல் இன்னும் ஒரு படி போயின. எர்ட்டல் வெளியிட்ட 1968 ரோட் ரன்னர் அதற்கு நல்ல சான்று. என்ஜினைத் துளைத்த கம்பி மறைந்தது. சஸ்பென்ஷனும் எக்சாஸ்ட் குழாயும் தனித்தனி உதிரிகளாயின.

இதே காலத்தில் உண்மையான கார்களின் புதுப்பிப்பும் ஓர் அறிவுத்துறையாக வளர்ந்தது. மாதிரி கார் துல்லியத்தின் இரண்டாம் கட்டம் அங்கிருந்தே ஊட்டம் பெற்றது என்பது என் துணிபு. ஆலையில் எந்த போல்ட் வண்ணம் பூசப்படாமல் விடப்பட்டது, அடிப்பாகத்தின் பிரைமர் மேல் உடல்நிறம் எதுவரை தூறியிருந்தது, பரிசோதகர் எங்கே சாக்கட்டியால் குறியிட்டார் என்று புதுப்பிப்பவர்கள் தேடித்தேடிப் பதிவு செய்தார்கள். மாதிரி செய்பவர்கள் அந்தப் பதிவுகளை இருபத்தைந்தில் ஒரு பங்காக்கினார்கள். பான்டியாக் என்ஜினுக்கு வெளிர்நீலம், ஷெவர்லேக்கும் ஹெமிக்கும் வெவ்வேறு ஆரஞ்சு, 1966க்குப் பிந்தைய ஃபோர்டுக்கு அடர்நீலம் என்பதெல்லாம் பொது அறிவாயின. ஸ்பார்க் பிளக் வயர்களை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சரியான வரிசையில் இழுப்பது நல்ல வேலைக்கு அடையாளமாயிற்று. ஜன்னல் ஓரக் குரோம் பட்டைகளுக்கு மெல்லிய உலோகத் தாள் ஒட்டுவதும், அமில அரிப்பில் செய்த தகட்டு எழுத்துகளைப் பதிப்பதும் வழக்கத்துக்கு வந்தன.

சான்றுகளை எடைபோடுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. புதுப்பித்த கார்கள் பல, ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததைவிட மேலான நிலையில் இருக்கின்றன: இடைவெளிகள் சீராக, வண்ணம் கண்ணாடி போல. 1970இன் தொழிற்கூடம் அப்படி வேலை செய்யவில்லை. ஆகவே கைபடாமல் எஞ்சிய கார்களுக்கும் அக்காலப் புகைப்படங்களுக்கும் நான் கூடுதல் மதிப்புத் தருவேன். புகைப்படமும் ஏமாற்றக்கூடியது. அருகிலிருந்து அகன்ற லென்சில் எடுத்த படத்தில் மூக்கு நீளும், கூரை சிறுக்கும். அதை நம்பி அளந்தால் உடலே கோணலாகும்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் மாதிரி பொய்யாகத் தெரிவது உண்டு. பூச்சின் கனம் ஒரு காரணம். 0.1 மில்லிமீட்டர் கனத்தில் படிந்த பெயின்ட், முழு அளவில் 2.5 மில்லிமீட்டருக்குச் சமம். உண்மைக் காரில் கதவிடுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் அது 0.2 மட்டுமே. இரண்டு கரைகளிலும் பெயின்ட் ஏறினால் இடுக்கு மூடிவிடும். அதனால்தான் வண்ணமடிக்கும் முன்பே கதவுக் கோடுகளைக் கீறி ஆழப்படுத்துகிறார்கள். பார்க்கும் தூரம் இன்னொரு காரணம். மேசையில் உள்ள மாதிரியை 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, உண்மைக் காரைப் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து, அதுவும் பெரும்பாலும் மாடியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். சாலையில் நின்று பார்த்த நினைவோடு அது ஒத்துப்போகாது.

எதற்கு உண்மையாக இருப்பது?

நிறுவனங்களின் கைமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ.எம்.டி. எழுபதுகளின் இறுதியில் லெஸ்னி நிறுவனத்திடமும் எண்பதுகளின் தொடக்கத்தில் எர்ட்டலிடமும் போனது. எண்பதுகளின் நடுவில் எம்.பி.சி.யும் எர்ட்டல் குடைக்குள் வந்தது. 1986இல் ரெவெலும் மோனோகிராமும் இணைந்தன. இன்று ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை வைத்திருப்பது இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் உள்ள ரவுண்ட் 2.

இந்த நிறுவனம் எடுத்துக்கொண்ட ஒரு வேலை துல்லியம் பற்றிய விவாதத்தைப் புதிதாகக் கிளப்பியிருக்கிறது. வெட்டப்பட்டு அழிந்த அச்சுகளில் சிலவற்றை அது மீட்கிறது. சேகரிப்பாளர்களிடம் எஞ்சிய பழைய கிட்களை ஸ்கேன் செய்து, அதே வடிவில் புதிய அச்சு செதுக்குகிறார்கள். பெட்டியின் மேல் பழைய ஓவியமும் திரும்புகிறது. ஐம்பது ஆண்டுகளாகக் கிடைக்காதவை கடைக்கு வருவதில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி. ஆனால் இங்கே ஸ்கேன் கருவியின் முன் நிற்பது 1960களின் கிட், கார் அன்று. கிட்டில் கூரை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அந்தத் தாழ்வும் திரும்பி வருகிறது. உண்மைக் காரையே லேசரால் அளந்து புது அச்சு செய்யலாம். அப்போது பழைய பெட்டியை நினைத்து வாங்குபவருக்கு அது அந்நியமாகத் தோன்றும். இரண்டு விசுவாசங்களும் நியாயமானவை, இரண்டையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது.

மாதிரி செய்பவர்கள் தங்கள் அளவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த ஹெமி என்ஜின்கள் இப்போது தனியாகக் கிடைக்கின்றன. வால்வு மூடியின் போல்ட் தலைகள்வரை அவற்றில் எண்ணலாம். மீட்கப்பட்ட பழைய உடலை வாங்கி, பெட்டியில் வந்த என்ஜினை ஒதுக்கிவிட்டு, இதைப் பொருத்துகிறார்கள். அதற்காக ரேடியேட்டர் தாங்கியை அரை மில்லிமீட்டர் தேய்க்கவும் தயங்குவதில்லை.