பறக்கத் தெரிந்தவளுக்கும் எல்லை உண்டு

நருட்டோ பார்த்தவர்களுக்குத் தெரியும். நிழல் நகல்களை நிறையவே உருவாக்கலாம். ஆனால் சக்கரா அத்தனை பங்காகப் பிரிந்துபோகும், பலமாய் ஒரு அடி விழுந்தால் நகல் புகையாகிவிடும். அந்த எல்லை இருக்கிறபடியால்தான் கதை சுவைக்குது. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்தபோது இதைத்தான் கதைத்துக்கொண்டு நின்றோம். "எங்கட பக்கமும் இப்படி ஒருத்தி வந்து போனவளாம், தெரியுமோ?" என்றார் எங்களில் ஒருவர்.

மணிமேகலையைத்தான் சொன்னார்.

சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தில், புகாரில் இளவரசன் உதயகுமாரன் அவளைத் துரத்துகிறான். மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே தூக்கிவந்து, முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத்தில் விடுகிறது. அந்தத் தீவு நயினாதீவுதான் என்று பலர் கருதுகிறார்கள். வேறு கருத்துள்ள ஆய்வாளர்களும் உண்டு. அங்கே அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியைத் தாங்க.

வானில் செல்வது இந்தக் கடலில் சின்ன ஆசையில்லை. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்துறைக்கு, வரும் பரதேசி வணிகர்களைக் காக்க வேண்டும் என்கிறது அது. கப்பல் உடைந்தால் பொருளில் அரசுக்கு எவ்வளவு, உரியவருக்கு எவ்வளவு என்றும் கணக்குச் சொல்கிறது. சட்டம் போடுகிற அளவுக்குக் கப்பல்கள் உடைந்த கடல் இது.

சரி, எல்லைக்கு வருவோம். புகாருக்குத் திரும்பிய மணிமேகலை, உதயகுமாரனிடம் இருந்து தப்ப காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். அவன் நம்பவில்லை, பின்னாலேயே வருகிறான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனனோ நம்பிவிடுகிறான். தன் மனைவியைத் தேடி வந்தவன் என்று நினைத்து உதயகுமாரனை வாளால் வெட்டிவிடுகிறான். பழி மணிமேகலை மேல் விழுகிறது, சிறைக்குப் போகிறாள். உருவத்தை மாற்றலாம், பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பதை மந்திரம் மாற்றாது.

அதைவிடப் பெரிய எல்லை அமுதசுரபிக்கு. எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரம் அவளுக்கும் முன்னர் ஆபுத்திரனிடம் இருந்தது. மழை பெய்து நாடு செழித்ததும் அவனிடம் சாப்பிட ஆளில்லை. பசித்தவர்களைத் தேடிச் சாவகம் போகக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. தீவில் மனிதர் யாருமில்லை. தான் மட்டும் உண்டு வாழ அவன் விரும்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிரை விட்டான்.

இந்த இடத்தில்தான் நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். குறிகட்டுவானுக்கு வருகிற வழியில், புங்குடுதீவில், கூரையில்லாத வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தோம். போரும் புலம்பெயர்வும் ஆட்களைக் கொண்டுபோன வீடுகள். ஆட்கள் இல்லாத தீவில் அமுதசுரபியே வெறும் பாத்திரம்தான் என்று சாத்தனார் எப்பவோ சொல்லிவிட்டார்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டோம். பந்தியில் இடம் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.