கத்தி உண்டாக்கிய கோணல்

காலின் பெருவிரல் இரண்டாம் விரல் மேல் சாய்ந்து, அடிமூட்டில் எலும்பு புடைத்து நிற்பதை மருத்துவர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்பார்கள். இதில் காலணிக்குள்ள பங்கை 1958இல் வெளியான ஹாங்காங் ஆய்வு காட்டியது: காலணி அணிந்த சீனர்களில் 33 சதவீதம் பேருக்கும், வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் இந்தக் கோணல் இருந்தது. இதற்கு நேரெதிரானது ஹாலக்ஸ் வாரஸ். பெருவிரல் மறுகால் பக்கமாக, அதாவது உட்பக்கமாக, விலகிப்போகும். பெரியவர்களிடம் இது பெரும்பாலும் முதல் கோணலுக்குச் செய்த அறுவையின் விளைவு. விரல் நிமிர்ந்து நிற்பது எலும்பின் நேரான அமைப்பால் மட்டுமல்ல, இருபக்க இழுவிசையின் சமநிலையாலும்தான் என்ற பாடத்தை மருத்துவம் இந்த இரண்டாம் கோணலிடமே ஆழமாகக் கற்றது.

முதல் கோணலைத் திருத்த, 1881இல் ஜெனீவா மருத்துவர் ரெவெர்டன் எலும்பை வெட்டி நிமிர்த்தினார். 1904இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் கெல்லர் விரலெலும்பின் அடிப்பகுதியை நீக்கினார். வலி போனாலும் விரல் குட்டையாகி ஊன்றும் வலுவை இழந்தது. 1928இல் ஓக்லஹோமா மருத்துவர் மெக்பிரைடு மூட்டைக் காக்கும் வழி தேடினார். விரலைச் சாய்க்கும் தசைநாரை விடுவித்து, புடைப்பைச் செதுக்கினார். மூட்டின் அடியிலுள்ள பயறளவு எலும்புகள் இரண்டில் வெளிப்புறத்து எலும்பையும் எடுத்தார். அந்த எலும்பும் தசைநாரும் சேர்ந்து போனால் வெளிப்பக்கப் பிடிமானம் தளரும். புடைப்பை அளவு மீறிச் செதுக்கினால் உட்பக்கத் தாங்கலும் போகும். பிறகு விரல் உட்பக்கம் விலகுவதைத் தடுக்க எதுவும் இல்லை.

மெக்பிரைடு முறையால் நலமடைந்தவர்கள் பலர் இருக்க, பழி சுமத்தலாமா என்று கேட்கலாம். மூட்டைக் காத்த அவரது நோக்கம் சரியானதே. குற்றம் மிகைத் திருத்தத்தில் இருந்தது. அதனால்தான் பின்வந்தவர்கள் முறையைக் கைவிடாமல், அந்தச் சிற்றெலும்பை விட்டுவைக்கும்படி மாற்றிக்கொண்டார்கள். காலணியைத் திருத்தினால் கத்தியே வேண்டாமே என்பது இன்னொரு வாதம். ஆனால் வெறுங்காலோடு வாழ்ந்தவர்களிலும் 2 சதவீதம் பேருக்கு இது இருந்ததே. பரம்பரையின் பங்கையும் மறுக்க முடியாது. அகலமான காலணி வலியைக் குறைக்கும், முற்றிய கோணலை நிமிர்த்தாது.

விலகிய விரலை மீட்க 1984இல் மருத்துவர்கள் ஜான்சனும் ஸ்பீகலும் எழுதிய முறை, இழுவிசைச் சமநிலை என்ற பாடத்தின் மேல் நிற்கிறது. விரலை நிமிர்த்தும் நீண்ட தசைநாரைத் திசைமாற்றி வெளிப்பக்கம் பொருத்தி, இழந்த இழுவிசையைத் திருப்பித் தந்தார்கள். அதற்கு விலையாக விரலின் நுனிமூட்டை அசையாமல் இணைத்தார்கள். அடிமூட்டே தேய்ந்திருந்தால் அதை இணைக்க நேரும். ஆகவே பெருவிரல் அறுவையில் நல்ல மருத்துவரின் திறமை, எவ்வளவு வெட்டினார் என்பதைவிட எதை வெட்டாமல் விட்டார் என்பதில்தான் இருக்கிறது.